மணிக்கட்டைத் தாண்டிய மாப்பிள்ளை

அரசர் மகள் ஹெல்விக்கைப் பெண் கேட்டு வந்தவர்களை வோர்டிங்போர்க் கோட்டையில் யாரும் பேர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ஸ்வீடனிலிருந்து வந்தவன் முழங்கை மாப்பிள்ளை. நோவ்கொரோடிலிருந்து, கோடையிலும் கழற்றாத தோல் அங்கியோடு வந்தவன் மணிக்கட்டு மாப்பிள்ளை. போர்ச்சுகலிலிருந்து கடலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து சேர்ந்தானே ஒரு பாவப்பட்ட இளவரசன், அவனும் மணிக்கட்டுதான். ஒரே ஒரு ஜெர்மன் பிரபு மட்டும் விரல் முட்டி வரைக்கும் வந்துவிட்டான். கோட்டையே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவனும் அங்கேயே தடுக்கி விழுந்தான்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் காரணம் எஸ்ட்ரிட் அத்தை. அரசரின் அக்கா. நாலு தலைமுறைக்குள் எந்த வழியில் சொந்தம் என்றாலும் திருச்சபை கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்ளாது. அத்தை மகனும் ஆகாது, மாமன் மகனும் ஆகாது. அதனால் பெண் கேட்டு யார் வந்தாலும் முதலில் உறவு எண்ண வேண்டும். அதை எண்ண டென்மார்க் முழுவதிலும் அத்தையை விட்டால் ஆளில்லை. கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டுவாள். வலக்கை பெண் வீடு, இடக்கை மாப்பிள்ளை வீடு. தலையைத் தொட்டு மூதாதையின் பேரைச் சொல்வாள். தோளுக்கு வந்தால் அவர் பெற்ற பிள்ளைகள், முழங்கைக்கு வந்தால் பேரப்பிள்ளைகள், மணிக்கட்டில் கொள்ளுப்பேரர்கள், விரல் முட்டியில் எள்ளுப்பேரர்கள். அதையும் தாண்டி விரலுக்குள் இறங்கிவிட்டால் அவர்கள் சொந்தமே இல்லை, தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அத்தையின் கணக்கில் யாரும் விரலுக்குள் இறங்கியதே கிடையாது. "மணிக்கட்டு!" என்று அவள் போடும் சத்தத்தில் கூரையில் இருக்கும் புறாக்கள் பறக்கும். மாப்பிள்ளை தன் பரிசுப் பொருட்களை மூட்டை கட்டுவான்.

அத்தையை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் ஹெல்விக்கின் பூட்டி தோரா பார்த்து வைத்த வேலை. அந்த அம்மாள் பெற்றதெல்லாம் பெண். ஒவ்வொருத்தியையும் ஒவ்வொரு அரண்மனைக்குக் கட்டிக்கொடுத்து, எல்லா நாட்டோடும் சமாதானம் வரும் என்று கனவு கண்டாள். சமாதானம் வரவில்லை. சொந்தம்தான் வந்தது. இப்போது முடி சூடிய தலை எங்கே இருந்தாலும் அதற்குக் கீழே தோராப் பூட்டியின் மூக்கு இருந்தது. ஹெல்விக்குக்கும் அதே மூக்குதான்.

ஹெல்விக்குக்கு இருபத்து நாலு வயது. அவள் வயதுப் பெண்களுக்கு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள் இருந்தன. அரசர் நல்ல மனுஷர், ஆனால் பொறுமை குறைவு. அந்த வசந்தத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்லியே விட்டார்.

"இனிமே ஒரே ஒருத்தன். அவனும் உன் அத்தை கையில சிக்கிட்டான்னா, ரோஸ்கில்ட கன்னியர் மடத்துலதான் உனக்கு இடம். மடத்துத் தலைவியம்மா உன் ரூமுக்குச் சுண்ணாம்பு அடிச்சே வச்சிட்டாங்களாம்."

"அந்த மடம் ஒண்ணும் குறைஞ்ச இடமில்ல" என்றாள் எஸ்ட்ரிட் அத்தை, புகைபோட்ட விலாங்குமீனின் முள்ளை எடுத்தபடி. விதவையான நாளிலிருந்து அவள் வீடு அந்த மடத்துச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. "நல்ல ரொட்டி. அமைதி. சாயங்காலமானா சதுரங்கம் ஆடலாம்."

அந்த ஒரே ஒருத்தன் வந்து சேர்ந்தான். ரூகன் தீவிலிருந்து மன்னருக்குக் கட்ட வேண்டிய மெழுகையும் தேனையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த சுலிமிர் என்ற பிரபு. அவன் பெண் கேட்டு வரவே இல்லை. மெழுகை இறக்கிவிட்டுப் போக வந்தான். மனைவியை இழந்தவன். ஆறு வயது மகள் மில்காவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினான். அவள் அவன் காதுகளைக் குதிரையின் கடிவாளம் போலப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். இடது காதை இழுத்தால் இடப்பக்கம் போனான், வலது காதை இழுத்தால் வலப்பக்கம் போனான். துறைமுகத்தில் நின்றிருந்த ஹெல்விக் சிரித்துவிட்டாள். அவன் அவளைப் பார்த்தான். மில்கா இரண்டு காதையும் பிடித்து இழுத்தாள். அவன் நின்றான்.

மெழுகு ஒரே நாளில் இறங்கிவிட்டது. சுலிமிர் போகவில்லை. கப்பலில் ஏதோ பலகை பழுது என்றான். அந்தப் பலகை வாரக்கணக்கில் பழுதாகவே இருந்தது. அதற்குள் ஹெல்விக் மில்காவுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொடுத்தாள். மில்கா ஹெல்விக்குக்கு மீனைப் போலக் கண்ணை உருட்டக் கற்றுக்கொடுத்தாள். சுலிமிர் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு பலகையைச் சீவினான். ஹெல்விக் வெட்கத்தை விட்டு அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. அந்தப் பிள்ளையை இன்னும் பிடிச்சிருக்கு. அத்தையைக் கூப்பிடுங்க, எண்ணிப் பாத்துடலாம்."

கோட்டையே கூடியது. அத்தை கைகளை நீட்டினாள்.

"உன் தாத்தா யாரு?" என்று சுலிமிரைக் கேட்டாள் அத்தை.

"மரச்சாமிக்குப் பூசை பண்ணினவர்ங்க. உங்க ஆளுங்க வந்து சாமியை வெட்டி விறகாக்கினப்புறம்தான் ஞானஸ்நானம் வாங்கினாரு."

"பாட்டி?"

"பக்கத்து ஊரு. ஆடு மேய்ச்சாங்க."

"ஸ்வீடன்ல, போலந்துல, எங்கயாவது ஒரு ராணி? தூரத்துல ஒரு கோமகள்?"

"ஆடுதான்ங்க, நிறைய."

அத்தை தலையைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், முழங்கையைத் தடவினாள், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வலக்கையில் அரசர்களும் அரசிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இடக்கையில் ஆடுகள். இரண்டும் எங்கேயும் சந்திக்கவில்லை. விரல் முட்டியைத் தாண்டி, நகத்தையும் தாண்டி, அத்தையின் கணக்கு காற்றில் போய் நின்றது. கூடத்தில் பீர்க் கோப்பைகள் மேசையில் தடதடவென்று மோதின. அரசர் தன் அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். "இறக்குடா, என் கால்!" என்று கத்தினாள் அத்தை. அவள் வலது கால் கட்டைவிரலில் வாதம். தொட்டால் உயிர் போகும்.

அப்போதுதான் மில்கா கூட்டத்துக்குள் புகுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்தாள்.

"நான் எங்க இருக்கேன்?"

"நீயா? நீ இதுல எங்கயும் இல்லடி. இது எங்க கை."

குழந்தை அந்த நீண்ட கையை மேலும் கீழும் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் திருச்சபையின் ஆயர் அந்த வழியாக வருவதாகச் செய்தி வந்தது. வந்தால், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் சடங்காக, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் உறுதிபூசுவார். மில்காவுக்கு இன்னும் உறுதிபூசவில்லை. ரூகனுக்கு ஆயர் வருவதே அபூர்வம். செய்தி வந்த அன்று மத்தியானம் குழந்தை ஓடிவந்து ஹெல்விக்கின் மடியில் விழுந்தாள்.

"ஹெல்வி அக்கா, கோயில்ல நான் உங்க கால் மேல ஏறி நிக்கட்டுமா?"

உறுதிபூசும்போது பிள்ளை தன் வலது பாதத்தை சடங்கில் தாயாக நிற்கிற ஞானத்தாயின் வலது பாதத்தின் மேல் வைத்து நிற்க வேண்டும். ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசி, அது கலையாமல் இருக்க வெள்ளைத் துணிப்பட்டை கட்டுவார். மூன்றாம் நாள் ஞானத்தாய் தன் கையாலேயே பட்டையை அவிழ்த்து நெற்றியைக் கழுவிவிட வேண்டும்.

"அப்படி நின்னா நான் உங்களுக்குச் சொந்தமாயிடுவேனாம்" என்றாள் மில்கா.

ஹெல்விக் அவள் தலையைத் தடவினாள். "ஏறி நில்லு, ராஜாத்தி. ரெண்டு காலையும் வச்சுக்கோ" என்றாள். சுலிமிர் சந்தோஷத்தில் பலகையையே கீழே போட்டுவிட்டான். அரசர் தலையாட்டினார். உறவென்றால் அத்தை பார்த்துக்கொள்வாள் என்று எல்லாரும் விட்டு விட்டுப் பழகியிருந்தார்கள். இதில் யாரும் எதையும் யோசிக்கவில்லை. அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிற மனுஷி, அன்றைக்கு வாயில் கொழுக்கட்டை.

அன்று மாலை சதுரங்கத்தில் அத்தை தோற்றாள். வழக்கமாகத் தோற்கிற ஆட்டத்தில் இருமல் வந்து காய்களைத் தட்டிவிடுவாள். அன்று இருமவில்லை. எழுந்து போய்த் தேன் அப்பம் கொண்டுவந்து ஹெல்விக்கின் கையில் வைத்தாள். மனசு ஆறிவிட்டாள் போலிருக்கிறது என்று ஹெல்விக் நினைத்துக்கொண்டாள். அத்தையை எத்தனை வருஷமாகத் தெரியும் அவளுக்கு! அப்படியிருந்தும் நினைத்தாள்.

மறுநாள் பீச் மரங்கள் புதுத் தளிர் விட்டு வெளிச்சமே பச்சையாக இருந்தது. கோட்டைக்குக் கீழே உள்ள கோயிலில் ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆயர் குண்டானவர், அவசரக்காரர். அன்றைக்குள் இன்னும் இரண்டு ஊருக்குப் போக வேண்டும். மாவு மில்காரனின் மகன் முறை வந்தது. மில்காரன் மனைவியை இழந்தவன். பையன் ஒரு கிழவியின் காலில் ஏறி நின்றான். எண்ணெய் பூசி, பட்டை கட்டி, ஆயர் மில்காரனைப் பார்த்தார்.

"கேட்டுக்கோ. இன்னையிலேர்ந்து இவங்க உன் பிள்ளைக்கு ஞானத்தாய். உனக்கும் இவங்களுக்கும் உறவாயிடுச்சு. இனி நீ இவங்களைக் கட்டிக்க முடியாது. என்னைக்குமே."

"சாமி, இது என் பெண்டாட்டியோட அம்மா. என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"சொல்லணும்னு சட்டம், சொன்னேன். அடுத்து!"

கோயிலே சிரித்தது. ஹெல்விக்கும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மில்கா காலணியைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரலைச் சொறிந்துகொண்டு, அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். முன்னால் இரண்டே பிள்ளைகள். இந்தப் பாதம் தன் பாதத்தில் பட்டால் தான் மில்காவின் ஞானத்தாய். சுலிமிரைக் கட்ட முடியாது, என்றைக்குமே. நாளைக்குக் கல்யாணம் இல்லை, சுண்ணாம்பு அடித்த அறைதான். ஹெல்விக் மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தை கல்யாணத்துக்கென்று தைத்த சிவப்புத் தோல் காலணியைப் போட்டுக்கொண்டு, கூரையில் வரைந்திருந்த தேவதூதர்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"ம்."

"என் கால்ல ஏறச் சொல்லி இதுகிட்ட சொன்னது யாரு?"

"எந்தக் கால்?"

"அத்தை!"

"சத்தம் போடாதடி, கோயில்."

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணினீங்க."

அத்தை தேவதூதர்களை விட்டு இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது ஹெல்விக் பார்த்ததே இல்லை.

"தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணினேன்" என்றாள். "எனக்கு முன்னூறு சொந்தக்காரங்க இருக்காங்க. யாரு யாருக்கு என்ன முறைன்னு கேளு, சொல்றேன். சாயங்காலம் என்கூட உக்காந்து ஒரு ஆட்டம் ஆடறதுக்கு உன்னை விட்டா யாருடி இருக்கா எனக்கு? நீ கடல் தாண்டிப் போயிட்டா நான் சுவத்தோடயா ஆடுவேன்?"

ஹெல்விக்குக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. "அடுத்து!" என்றார் ஆயர். முன்னால் ஒரே ஒரு பிள்ளை.

காலை இழுத்துக்கொள்ளலாம். ஆனால் கோயிலில் ஒரு குழந்தை பாதம் வைக்க வரும்போது காலை இழுத்துக்கொள்கிற பழக்கம் டென்மார்க்கில் எந்தப் பெண்ணுக்கும் கிடையாது. கால் மறுக்கப்பட்ட பிள்ளை என்று ஊர் கடைசி வரைக்கும் சொல்லும். அதைவிட, எங்கேயும் இல்லை என்று ஒருமுறை கேட்ட குழந்தை அது. இன்னொரு முறை அதை யார் வாயால் சொல்வது?

ஹெல்விக் மண்டியிட்டாள்.

"மில்கா, ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. நான் உனக்குக் கோயில்ல அம்மாவா இருக்கணுமா, வீட்டுல அம்மாவா இருக்கணுமா? ரெண்டும் முடியாதாம்."

"வீட்டு அம்மா என்ன பண்ணுவா?"

"பக்கத்துல படுத்துப்பா. பின்னல் போடுவா. திட்டுவா."

"கோயில் அம்மா?"

"கால் குடுப்பா. பரிசெல்லாம் வாங்கிக் குடுப்பா. வேற சொந்தமெல்லாம் எண்ணித்தான் வரணும், இது எண்ணாமலே வர்ற சொந்தம்."

மில்கா மீன் மாதிரிக் கண்ணை உருட்டி யோசித்தாள். "நீங்க வீட்டுக்கு வாங்க" என்றாள். "ஆனா கால் வேணுமே."

"வேணும். இங்க நிக்கிறவங்க எல்லாருக்கும் கால் இருக்கு. உனக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்கோ."

குழந்தை குனிந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனாள். மில்காரனின் மாமியாருடைய மரச்செருப்பு. சமையற்காரியின் வெறுங்கால். பிரபுக்கள் வீட்டுப் பெண்களின் கறுப்புத் தோல் காலணிகள். எல்லாவற்றையும் தாண்டி, கருஞ்சிவப்பில், வெள்ளிக் கொக்கி வைத்து, மினுமினு என்று ஒரு ஜோடி.

"அடுத்து!" என்றார் ஆயர். "இந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய் யாரு?"

"இவங்க" என்றாள் மில்கா. கை கால் ஆடாமல் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தபடியால், தன் முழு பலத்தையும் சேர்த்து வலது பாதத்தை எஸ்ட்ரிட் அத்தையின் வலது கட்டைவிரல் மேல் வைத்து அழுத்தி நின்றாள்.

அத்தை எழுப்பிய சத்தத்துக்கு முன்னால் அவளுடைய பழைய மணிக்கட்டுச் சத்தமெல்லாம் தாலாட்டு. புறாக்கள் பறந்தன. ஆயர் எண்ணெய்க் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்னம்மா, சம்மதம்தானே?"

அவளும் டென்மார்க்கில் பிறந்தவள்தான். காலை இழுக்க முடியாது. கீழே பார்த்தாள். வாதம் பிடித்த விரலின் மேல் ஒரு சின்னப் பாதம், காலணியின் தோலையும் மீறிச் சூடாக இருந்தது. இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தன. ஹெல்விக் கண்ணைக் கூட இமைக்கவில்லை.

"சம்மதம்" என்றாள் அத்தை. "சீக்கிரம் பூசுங்க சாமி, உயிர் போவுது."

ஆயர் பூசினார், பட்டையைக் கட்டினார், சட்டப்படி சுலிமிரைப் பார்த்து விரலை நீட்டினார்.

"கேட்டுக்கோப்பா. இன்னையிலேர்ந்து இந்த அம்மா எஸ்ட்ரிட் உனக்கு உறவாயிட்டாங்க. இனி நீ இவங்களைக் கட்டிக்க முடியாது. என்னைக்குமே."

சுலிமிருக்கு நடந்தது பாதிதான் புரிந்திருந்தது. ஆனாலும் மரியாதை தெரிந்தவன். "மனசைத் தேத்திக்கிறேன் சாமி" என்றான்.

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏண்டா தம்பி, எனக்கு வந்த ஒரே மாப்பிள்ளையும் போயிட்டானே" என்றாள். அதற்கு அவளே முதலில் சிரித்துவிட்டாள்.

மறுநாள் கல்யாணம். அதற்கு மறுநாள் விடியற்காலையில் கப்பல் கிளம்ப வேண்டும்; பலகை அதிசயமாகச் சரியாகிவிட்டிருந்தது. துறையில் அத்தை கையாட்டப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்திருக்க, ஹெல்விக் சாதாரணமாகக் கேட்டாள்:

"பட்டையை யார் அத்தை அவுப்பாங்க? இன்னைக்குத்தானே மூணாம் நாள். நாங்க நடுக்கடல்ல இருப்போம். ஞானத்தாய் கையாலதான் அவுக்கணும்."

"சண்டாளி" என்றாள் அத்தை. "யார்கிட்ட கத்துக்கிட்ட இதையெல்லாம்?"

"உங்ககிட்டதான்."

அத்தை அரசரைப் பார்த்தாள். அரசர் கடலைப் பார்த்தார். ஆனால் அவளுடைய பெட்டி அதற்கு முன்பே கப்பலில் ஏறியிருந்தது. அதன் மேல் சதுரங்கப் பலகையும் இருந்தது. ஏற்றியது யார் என்று ஹெல்விக் கேட்கவில்லை. பெட்டியின் சாவி அத்தையின் இடுப்பில்தான் எப்போதும் தொங்கும்.

உச்சி வெயிலில், கரை இரண்டு பக்கமும் மறைந்த பிறகு, அத்தை மில்காவைத் தன் முன்னால் நிறுத்திப் பட்டையை அவிழ்த்தாள். நெற்றியைக் கழுவித் தன் தலைத்துணியாலேயே துடைத்துவிட்டாள். மில்கா அவள் கையைப் பிடித்து, சட்டைக் கையைத் தோள் வரைக்கும் தள்ளிவிட்டாள்.

"இப்ப நான் எங்க இருக்கேன்?"

அத்தை தலையைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். முழங்கை, மணிக்கட்டு, விரல் முட்டி எல்லாவற்றிலும் யார் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வீடன்காரர்கள், நோவ்கொரோட்காரர்கள், ஒரு முறை கூட அவளை வந்து பார்க்காதவர்கள். ஹெல்விக் சுலிமிரின் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கணக்கில் மட்டும் அத்தை தோற்றுவிடக் கூடாது என்று அவளுக்கு வேண்டிக்கொள்ளத் தோன்றியது.

அத்தை கையைக் கீழே போட்டாள். வலது காலணியைக் கழற்றி, வீங்கிச் சிவந்த கட்டைவிரலை வெயிலில் நீட்டினாள்.

"இங்க இருக்க" என்றாள். "இந்த இடத்துல உன்னைத் தவிர வேற யாரும் கிடையாது."

மில்கா குனிந்து, வலிக்காமல், ஒரே ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள்.